மீசை எடுத்த ராணி

சென்ற வருடம் லண்டனில் மகள் வீட்டில் இரண்டு மாதம் இருந்தேன். பார்க்க வேண்டிய பாலம், கோபுரம், கடிகாரம் எல்லாம் முதல் வாரத்திலேயே தீர்ந்துவிட்டன. அப்பாவை இனி எங்கே அழைத்துப் போவது என்று யோசித்தவள், ஒரு பாட்டு நாடகத்துக்கு டிக்கெட் எடுத்துவிட்டாள். எடுத்த பிறகுதான் கதை என்னவென்று விசாரித்திருக்கிறாள் போலிருக்கிறது. ரயிலில் போகும்போதே மென்று முழுங்கினாள்.

"அப்பா, அது கொஞ்சம் மாடர்ன் கதை. பையனும் பையனும் லவ் பண்ணுவாங்க. உங்களுக்கு ஒரு மாதிரியா இருந்துச்சுன்னா இன்டர்வெல்லயே கிளம்பிருவோம்."

"பாட்டு நல்லா இருக்குமா?" என்று கேட்டேன். அவளுக்கு அந்தக் கேள்வி பிடிபடவில்லை. ஜன்னலைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள்.

பாட்டு நன்றாகவே இருந்தது. பாதி புரியவில்லை என்பது வேறு விஷயம். அரைமணி நேரம் போயிருக்கும். மேடையின் பின்னாலிருந்த படிக்கட்டில் ஆறடி ஆள் ஒருவர் இறங்கி வந்தார். தரை புரளும் ஜிகினா கவுன், குதிகால் செருப்பு, சாயம் பூசிய உதடு, கோபுரம் மாதிரி டோப்பா. அந்த உதட்டுக்கு மேலே கருகருவென்று மீசை. என்னை அறியாமல் சத்தமாகவே சொல்லிவிட்டேன்: "அடப்பாவி, மீசைய எடுக்கலையே."

மகள் என் கையை அழுத்தினாள். "அப்பா, மெதுவா. அது வேணும்னே வச்சிருக்காங்க."

பெண் வேஷத்தைப் பார்த்து நான் பதறிப்போனேன் என்று அவள் நினைத்துக்கொண்டாள். எனக்கு நேரெதிர். வேஷம் போட்டவர் மீசையோடு நிற்கிறாரே, இப்படி ஒரு சலுகை இருப்பது எங்கள் ஊரில் ராணி வேஷம் கட்டிய சீனிக்குத் தெரியாமல் போயிற்றே என்றுதான் எனக்கு அடித்துக்கொண்டது. இடைவேளையில் சுற்றியிருந்தவர்கள் எல்லாம் சின்னக் கிண்ணங்களில் ஐஸ்கிரீம் தின்றார்கள். பக்கத்து இருக்கைப் பாட்டி என்னிடம் நாடகம் எப்படி என்று விசாரித்தார். "வெரி குட் மீசை" என்றேன். அவரும் ஆமோதித்தார். நான் ஐஸ்கிரீமை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு சீனியை நினைத்துக்கொண்டிருந்தேன். அது உருகி முழங்கை வரை வந்துவிட்டது.

உங்களிடம் சொல்வதற்கென்ன, எனக்கும் ஒரு நாடக வாழ்க்கை இருந்தது. எண்பதுகளின் நடுவில் ராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லில் டைம் ஆபீஸ் கிளார்க்காகச் சேர்ந்தேன். யார் எத்தனை மணிக்கு வந்தார், யாருக்கு எந்த ஷிப்ட் என்று கார்டில் குறிப்பது என் வேலை. பத்து பேர் என்னைப் பார்த்து சார் என்றதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் வந்திருந்தது. ஆயுத பூஜைக்கு மில் ஆட்களே நாடகம் போடுவார்கள். வாசிக்கத் திக்காத ஒரே ஆள் என்று என்னைப் பிராம்ப்டர் ஆக்கினார்கள். பக்கத் தட்டிக்குப் பின்னால் ஸ்டூலில் உட்கார்ந்து, வசனம் மறந்தவருக்கு மெல்லிய குரலில் எடுத்துக்கொடுக்க வேண்டும். மேடையிலிருப்பவர்களின் முகத்தை அவ்வளவு பக்கத்தில் பார்க்கக்கூடிய இடம் அது ஒன்றுதான்.

கதையை ஸ்பின்னிங் மேஸ்திரி எழுதுவார். எந்த வருடம் எழுதினாலும் ஒரு ராஜாவும் ராணியும் பிரிவார்கள், கடைசியில் சேர்வார்கள். ராஜா கோவிந்தன், மில்லில் மெஷின் பழுது பார்க்கும் பிட்டர். நல்ல உயரம், முறுக்கு மீசை, கணீரென்ற குரல். மனப்பாடம் மட்டும் சுத்தமாக வராது. சொந்த டோக்கன் நம்பரையே என்னிடம் கேட்டுத் தெரிந்துகொள்கிற ஆள். ராணி சீனி, நூல் சுற்றும் கோன் வைண்டிங்கில் வேலை. மில்லில் வேலை பார்த்த பெண்களை யாரும் மேடையேற விடமாட்டார்கள். மதுரையிலிருந்து நடிகையைக் கூட்டிவரலாம் என்றால் மேஸ்திரியின் வீட்டம்மா சம்மதிக்கவில்லை. ஒல்லியான உடம்பும் பெரிய கண்ணும் இருந்ததால் ராணி வேஷத்தைச் சீனி தலையில் கட்டிவிட்டார்கள். கட்டிவிட்டதாக நாங்கள் நினைத்தோம். அவன் கேட்பதற்காகவே காத்திருந்தவன் மாதிரி ஒத்துக்கொண்டான்.

ஒரே சிக்கல் மீசை. எங்கள் பக்கத்தில் அப்போது மீசையில்லாத ஆண்பிள்ளை என்றால், வீட்டில் அப்பனோ ஆத்தாளோ செத்திருக்க வேண்டும். காரியத்துக்கு மழித்தது வளரும்வரை பார்க்கிறவர்கள் எல்லாம் நிறுத்தித் துக்கம் விசாரிப்பார்கள். முதல் வருடம் சீனி சலூனிலிருந்து வீட்டுக்கு நடந்து போவதற்குள் ஏழெட்டுப் பேர் மறித்துவிட்டார்கள். "ஏலே சீனி, ஆத்தா நல்லாத்தான இருந்தாவ? எப்ப?" என்று கேட்டு, பதிலுக்குக் காத்திராமல் ஒருவர் கண்ணையும் துடைத்துக்கொண்டார். வீட்டில் ஆத்தா உயிரோடு உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். அவர்கள் வீட்டில் தெலுங்கு பேசுவார்கள். மகனைப் பார்த்ததும், "ஏமிரா இதி" என்று எழுந்தவர், கோபம் ஏறியதும் தெரு முழுக்கக் கேட்கட்டும் என்று தமிழுக்கு மாறினார். "நான் குத்துக்கல்லாட்டம் இருக்கேன், எனக்கு எழவு கூட்டிட்டு வந்து நிக்கியேடா பாவி."

இரண்டாம் வருடத்திலிருந்து ஊருக்குப் பழகிவிட்டது. சீனி மீசையை எடுத்தால் ஆயுத பூஜை வருகிறது என்று பெண்கள் வீடு கழுவ ஆரம்பித்தார்கள் என்று மேஸ்திரி சொல்வார். மேஸ்திரி எதையும் கொஞ்சம் ஏற்றித்தான் சொல்வார். நாடகம் முடிந்து மீசை முளைக்கும்வரை அவனுக்கு மில்லில் ராணி என்றுதான் பெயர். "ராணிக்கு நைட் ஷிப்ட் போடலாமா மேஸ்திரி, பல்லக்குக்கு ஆள் கெடைக்குமா?" என்று நானும் என் பங்குக்குக் கேட்டிருக்கிறேன். "ராணியத் தனியா அனுப்பாதீக, ராஜாவையும் சேத்துப் போடுங்க" என்பான் சீனி. எல்லாரும் சிரிப்போம். அவன் கேட்டபடியே ஷிப்டும் போட்டுக்கொடுப்பேன்.

டோப்பாவும் கிரீடமும் சேலையும் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு பாய் கடையில் வாடகைக்கு எடுப்போம். தேரடியிலிருந்து உள்ளே போகிற சந்தில் இருட்டான ஒற்றை அறை. நுழைந்ததுமே பாச்சை உருண்டையும் தேங்காய் எண்ணெயும் பழைய வேர்வையும் சேர்ந்து ஒரு வாடை அடிக்கும். மூன்று பேரும் பஸ்ஸில் போவோம். பாய் கேலிக்காரர். எந்தச் சேலையை எடுப்பது என்று சீனி கோவிந்தனைத்தான் கேட்பான். கோவிந்தன் ஒன்று மாற்றி ஒன்றைக் கழித்துவிட்டு மறுபடி முதல் சேலைக்கே வருவான். "கலியாணத்துக்குக்கூட இம்புட்டு நேரம் சேலை எடுக்க மாட்டாக" என்பார் பாய். திரும்பும்போது கிரீடம் கோவிந்தன் மடியில் இருக்கும், டோப்பா சீனி மடியில் இருக்கும். வன்னியம்பட்டி வருவதற்குள் சீனி அவன் தோளில் சாய்ந்து தூங்கியிருப்பான். மேடு பள்ளத்தில் தலை ஆடாதபடி கோவிந்தன் ஒரு கையை அண்டக்கொடுத்துக்கொள்வான். பின் சீட்டிலிருந்து பார்த்துக்கொண்டே நான் பால்கோவா தின்றுகொண்டு வருவேன்.

மேடையில் எனக்கு வேலையே இருந்ததில்லை. அதுதான் வேடிக்கை. கோவிந்தன் வசனம் மறந்து நிற்பான், நான் நோட்டில் விரல் வைத்து வாயைத் திறப்பேன், அதற்குள் அவன் தடங்கலில்லாமல் பேசிவிடுவான். முதல் வருடம் என் குரலின் மகிமை என்று நினைத்தேன். அடுத்த வருடம்தான் கவனித்தேன். ராஜா திணறுகிற இடம் வந்ததும் ராணி வெட்கப்பட்டு முந்தானை நுனியை வாய்க்குக் கொண்டுபோவாள். அந்த மறைவில் சீனி வசனத்தை எடுத்துக்கொடுப்பான். தன் வசனத்தோடு அவனுடைய வசனத்தையும் சேர்த்தே பாடம் பண்ணியிருந்தான். முன் வரிசைப் பெண்கள், "பொம்பளைக்குக்கூட இம்புட்டு வெக்கம் வராதுடி" என்று மெச்சிக்கொண்டார்கள். என் உத்தியோகம் போய்விடும் என்று நான் வெளியே சொல்லவில்லை.

அந்த இரண்டாம் வருடத்தில்தான் இன்னொன்றும் நடந்தது. பிரிந்த ராஜாவை ராணி கண்டுகொள்கிற காட்சி. "நாதா" என்று கூவி ஓடிவர வேண்டும் என்று நோட்டில் இருக்கிறது. சீனி ஓடிவந்து "பாவா" என்றான். தெலுங்கில் பாவா என்றால் மச்சான். அக்காள் புருஷனும் பாவா, அத்தை மகனும் பாவா, கட்டிக்கொள்ளப் போகிறவனும் பாவா, கூடப் பழகும் சேக்காளியும் பாவா. சீனி எப்போதும் கோவிந்தனை அப்படித்தான் கூப்பிடுவான், அதுவே வாயில் வந்துவிட்டது. கூட்டத்தில் பாதிப் பேர் வீட்டில் தெலுங்கு பேசுகிறவர்கள். கொட்டகை அதிரச் சிரித்துக் கைதட்டினார்கள். அடுத்த வருடம் சீனி ஒழுங்காக "நாதா" என்றதும், "பாவான்னு கூப்புடு தாயி" என்று சத்தம் போட்டார்கள். மேஸ்திரி வேறு வழியில்லாமல் நோட்டிலேயே திருத்திக்கொண்டார். ராஜாவை ராணி பாவா என்று கூப்பிட்ட நாடகம் உலகத்தில் அது ஒன்றாகத்தான் இருக்கும்.

இப்போது என் அசட்டுத்தனத்துக்கு வருகிறேன். நாலாவது வருட நாடகம் முடிந்த கையோடு கோவிந்தனுக்குப் பெண் பார்க்க ஆரம்பித்தார்கள். சீனிக்கு வசந்தா என்று ஒரு தங்கை, தையல் படித்துவிட்டு வீட்டிலிருந்தாள். இரண்டு வீடும் ஒரே சனம், முறையும் சரியாக வருகிறது. இரண்டு பேரையும் பிரிக்காமல் இருக்க இதைவிட நல்ல வழி இருக்கிறதா என்று எனக்குத் தோன்றியது. பிராம்ப்டர் புத்தி, கேட்காமலே எடுத்துக்கொடுப்பது. நேரே சீனி வீட்டுக்குப் போய் அவன் ஆத்தாளிடம் சொன்னேன். அவருக்கு வாயெல்லாம் பல். "எனக்கு இது தோணாமப் போச்சே சார்" என்று எனக்குக் காபியும் சீடையும் கொடுத்தார். கோவிந்தன் வீட்டிலும் சந்தோஷம். கோவிந்தன் என்ன சொன்னான் என்று கேட்கிறீர்களா? தலையைக் குனிந்துகொண்டு, "சீனி என்ன சொல்லுதானோ அதான்" என்றானாம். வெட்கப்படுகிறான் என்று வீட்டில் பேசிக்கொண்டார்கள்.

மறுநாள் சீனி டைம் ஆபீஸ் ஜன்னலுக்கு வந்தான். கார்டை நீட்டவில்லை.

"தங்கச்சி விசயமா நீங்கதான் பேசுனீகளா சார்?"

"நான்தான். காபி மட்டும் போதாது, எனக்கு வேட்டி எடுத்துத் தரணும்."

"அது வேண்டாம் சார். ஆத்தாகிட்ட நீங்களே சொல்லிருங்க."

"ஏன்டா? வாய்க்கு வாய் பாவா, பாவாங்குறே. நெசமாவே பாவா ஆயிட்டுப் போறான்."

"நான் கூப்புடுற பாவா வேற சார்."

"பாவால என்னடா வேற? அவன் குடிக்கிறானா?"

"சே, இல்ல சார்."

"பொம்பளை சகவாசம் ஏதும் இருக்கா? எங்கிட்டச் சொல்லு."

சீனி சிரித்தான். "அது இருந்தாத்தான் நான் சரின்னுருவேனே சார்."

நான் இதைப் பெரிய ஹாஸ்யமாக எடுத்துக்கொண்டு விழுந்து விழுந்து சிரித்தேன். அவனும் சிரிப்பு அடங்கும்வரை நின்றான். பிறகு ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு சொன்னான்: "வசந்தா பாவம் சார். அவளுக்கு முழுசா ஒரு ஆளு வேணும். அவள வச்சு நான் அவன எங்கூடவே வச்சுக்கிடக் கூடாது." அதையும் நான் சரியாகக் காதில் வாங்கவில்லை. எட்டு மணிச் சங்கு ஊதிவிட்டது, கார்டு போட ஆட்கள் வரிசையில் நின்றார்கள்.

அவன் பிடித்த பிடியை விடவில்லை. தங்கையைக் கட்டிக்கொடுத்தால் கோவிந்தன் ஆயுசுக்கும் அவன் வீட்டு வாசலில்தான். வேண்டாமென்றால் வேறு வீட்டு மாப்பிள்ளையாகிப் போவான். தெரிந்தேதான் வேண்டாமென்றான். காரணம் கேட்டவர்களுக்குச் சொல்ல அவனிடம் ஒன்றுமில்லை. ஆத்தா மூன்று மாதம் பேசவில்லை. தங்களைத் தட்டிக்கழித்ததாகக் கோவிந்தன் வீட்டில் முறைத்துக்கொண்டு, சேத்தூரில் ஒரு பெண்ணை அவசரமாக முடிவு செய்து தை மாதத்தில் முகூர்த்தம் வைத்தார்கள். சினேகிதமெல்லாம் மேடையோடு சரி என்று மில்லில் பேசினார்கள். கோவிந்தனும் சீனியும் ஒரே மெஷின் பக்கத்தில் நின்று ஒருவரை ஒருவர் பார்க்காமல் வேலை செய்ததை நானே பார்த்தேன். ஏதோ வாய்ச்சண்டை, சரியாகிவிடும் என்று நினைத்தேன்.

கல்யாணத்துக்குச் சீனி வரமாட்டான் என்று எல்லாரும் சொன்னார்கள். வந்தான். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, தோளில் துண்டு. மீசை இல்லை. அன்று காலையில்தான் எடுத்திருப்பான், மேலுதடு பச்சையாக இருந்தது.

பெண் வீட்டுப் பெரியவர் ஒருவர் பந்தல் வாசலிலேயே மறித்தார். "யாருக்கு என்னாச்சுப்பா? தீட்டோட வந்துட்டியளா?"

"தீட்டெல்லாம் இல்ல மாமா. நான் நாடகத்துல பொம்பளை வேசம் கட்டுறவன்" என்றான் சீனி. பெரியவர் சிரித்து உள்ளே அனுப்பினார். நான் போய் பக்கத்தில் நின்றேன். "ஆயுத பூஜைக்கு இன்னும் ஒம்பது மாசம் கெடக்கே. இப்ப ஏது சீனி நாடகம்?"

"இன்னிக்கு ஒண்ணு இருக்கு சார்" என்றான்.

மணவறையில் ஐயர் மந்திரத்தைச் சொல்லச் சொல்ல மாப்பிள்ளை திருப்பிச் சொல்ல வேண்டும். கோவிந்தன் தட்டுத் தடுமாறி வந்துகொண்டிருந்தான். நடுவில் நிமிர்ந்தவன் கூட்டத்துக்குப் பின்னால் சீனியைப் பார்த்துவிட்டான். மழித்த முகத்தைப் பார்த்தான். அதோடு நின்றுபோனான். ஐயர் இரண்டு தரம் சொன்னார், மூன்று தரம் சொன்னார். மில் ஆட்கள், "பிராம்ப்டர் சார், எடுத்துக்குடுங்க" என்று என்னைப் பார்த்துச் சத்தம் போட, பந்தலே சிரித்தது. நானும் சிரித்துக்கொண்டே சீனி பக்கம் திரும்பினேன். அவன் தோளிலிருந்த துண்டின் நுனி வாய்வரைக்கும் போயிருந்தது. அங்கேயே நின்றது. மெதுவாகக் கீழே இறங்கியது.

அப்போதுதான் என் மண்டையில் ஏறியது. பாய் கடை, பஸ், பாவா, ஜன்னலில் சொன்னது எல்லாம் ஒரே மூச்சில் வந்து நின்றது. நான்கு வருடம் அவ்வளவு பக்கத்திலிருந்து பார்த்தவன் நான். எனக்கு வெட்கமாக இருந்தது. என்ன செய்தேன் என்று கேட்டால், பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டேன். யாரிடமும் சொல்லவில்லை, பின்னால் வந்த என் மனைவியிடம்கூட.

அடுத்த திங்கட்கிழமை சீனி ஜன்னலுக்கு வந்து, கோவிந்தனுக்கு எந்த ஷிப்டோ அதற்கு மாற்று ஷிப்ட் கேட்டான். எழுதிக்கொடுத்தேன். அந்த வருட ஆயுத பூஜைக்கு வீடியோ டெக் வாடகைக்கு எடுத்து மூன்று படம் போட்டார்கள். அதற்கடுத்த வருடம் பாட்டுக் கச்சேரி. மேஸ்திரி நோட்டைப் பழைய பேப்பர்காரனுக்குப் போட்டுவிட்டார். வசந்தாவைச் சோழபுரத்தில் நல்ல இடத்தில் கட்டிக்கொடுத்துவிட்டு, ஆத்தா காலமானதும் சீனி கோயம்புத்தூர்ப் பக்கம் ஒரு மில்லுக்குப் போய்விட்டான்.

தொண்ணூறுகளின் கடைசியில் ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டில் ஒரு தரம் பார்த்தேன். தங்கை பிள்ளைகளுக்குப் பால்கோவா வாங்கிக்கொண்டு நின்றான். மீசை அடர்ந்து நரைத்திருந்தது, அவனுக்கு அது பொருந்தவே இல்லை. எனக்கு அப்போதாவது சொல்லிவிட வேண்டும் என்றிருந்தது.

"சீனி, அன்னிக்கு நான் தெரியாமப் பேசிட்டேன்."

"தெரிஞ்சவிய எல்லாம் பேசாம இருந்தாவ சார். நீங்க தெரியாமயாச்சும் எங்களச் சேத்து வைக்கப் பாத்தீகளே."

கேலி செய்கிறானா என்று முகத்தைப் பார்த்தேன். கொஞ்சம் கேலிதான். பால்கோவாப் பொட்டலத்தைக் கைமாற்றிக்கொண்டு அவனே கேட்டான். "அவன் எப்படி இருக்கான்?"

"ரெண்டு பொம்பளைப் பிள்ளை. நல்லா இருக்கான். மறதிதான் கூடிப்போச்சு."

"எடுத்துக்குடுக்க ஆளு இருக்குல்ல சார்?"

இருக்கிறது என்று சொன்னேன். சோழபுரம் பஸ் வந்தது, ஏறிப்போனான். அதன்பிறகு அவனைப் பார்க்கவில்லை.

லண்டனில் நாடகம் முடிந்ததும் கொட்டகை மொத்தமும் எழுந்து நின்றது. இரண்டு பையன்களும் கைகோத்து வந்து குனிந்தார்கள். பின்னால் ஜிகினா கவுனோடு மீசைக்காரர் வந்தபோது நான் கை வலிக்கத் தட்டினேன். ரயிலில் மகளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "அவங்க இப்ப எங்கப்பா இருப்பாங்க? தேடிப் பாக்கலாமே" என்றாள். எந்த மில்லில் என்று தேடுவது? கோயம்புத்தூர்ப் பக்கம் மில்களும் பாதி மூடிவிட்டன.

ஊர் திரும்பினேன். எங்கள் மில் இருந்த இடம் பிளாட் போட்டு வீடுகளாகிவிட்டது. பாய் கடைச் சந்தில் செல்போனுக்குக் கண்ணாடி ஒட்டுகிறார்கள். மேடை எங்கே இருந்தது என்று நான் நின்று அளந்து பார்த்ததில், யாரோ ஒருவர் வீட்டுத் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் வருகிறது.

போன வாரம் சலூனில் எனக்கு முன்னால் கல்லூரிப் பையன் ஒருவன் மீசையை மழித்துக்கொண்டு எழுந்தான். பழக்க தோஷம், பதறிப்போய்க் கேட்டுவிட்டேன். "யாருக்கு என்னாச்சு தம்பி?" அவன் விழித்தான். "ஒண்ணும் இல்லையே தாத்தா. சும்மா ஸ்டைலுக்கு." கடைக்காரரும் சிரித்தார். இப்போதெல்லாம் யாரும் இதைக் கேட்பதில்லையாம்.

அன்றைக்குக் கேட்டார்கள். சலூனிலிருந்து பந்தல் வரை ஒருவர் பாக்கியில்லாமல் சீனியை நிறுத்தி யாருக்கு என்னாச்சு என்று கேட்டார்கள். உண்மையான பதிலுக்குக் காத்திருந்தவர்தான் யாருமில்லை. நானும் இல்லை.